வலியே இல்லாத காலை எதற்காக எடுக்க வேண்டும்?

ஜூன் 2, காலை

நேராகவே கேட்கிறேன். வண்டி மோதிக் கிடந்த ஒரு நாயை ஆறு நாளைக்கு முன் தூக்கி வந்தேன். பெண் நாய். பல்லைப் பார்த்துவிட்டு இரண்டு வயது இருக்கும் என்றார் டாக்டர். எடை 14 கிலோ. வலது முன்னங்கால் தொங்குகிறது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, மூட்டும் விலகவில்லை. நரம்பு போய்விட்டது, காலை எடுத்துவிடுவதுதான் நல்லது என்கிறார். அந்தக் காலில் அவளுக்கு வலியே தெரியவில்லை என்றும் அவரே சொல்கிறார்.

எலும்பு முறியவில்லை, அழுகவில்லை, வலியும் இல்லை. அப்புறம் எதற்கு எடுப்பது? தொங்கினால் தொங்கிவிட்டுப் போகட்டுமே. நடக்கிறாள், சாப்பிடுகிறாள், என்னைக் கண்டால் வாலை ஆட்டுகிறாள். இருக்கிற காலை எடுக்கச் சொல்லிவிட்டு அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? இப்போதைக்கு என் பக்கம் இதுதான்: எடுக்கக் கூடாது. வேறு மாதிரி நினைப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

"நடக்கிறாள்" என்று காலையில் எழுதினேன். மாலையில் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு அவள் நடப்பதைப் பார்த்தேன். அது நடை இல்லை. இடது முன்னங்காலை ஊன்றி ஒரு எம்பு எம்புகிறாள். வலது கால் தோளிலிருந்து ஈரத்துணி மாதிரித் தொங்குகிறது. பாதம் மடிந்து, அதன் மேற்புறம் தரையில் உரசிக்கொண்டே பின்னால் வருகிறது. உள்ளங்காலின் மெத்தை தரையைத் தொடவே இல்லை. நடுவிரல்கள் இரண்டின் மேலும் முடி தேய்ந்து, என் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தோல் உரிந்து சிவந்திருக்கிறது. திரும்பும்போது அந்தக் காலைத் தானே மிதித்துத் தடுமாறுகிறாள்.

உரிந்த இடத்தை மருந்து விட்டுத் துடைத்தேன். வேறு எந்த நாயாக இருந்தாலும் வெடுக்கென்று காலை இழுத்திருக்கும். அவள் பாட்டுக்குச் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 3

வந்த பதில்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: "விரலை அழுத்திப் பார்த்தார்களா, அப்போது திரும்பிப் பார்த்தாளா?" எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் வெளியே நின்றிருந்தேன். உள்ளே போய் நிற்க மனசு வரவில்லை.

இன்னொருவர், "வலி இல்லாத கால்தான் ஆபத்தான கால்" என்று ஒற்றை வரி எழுதிவிட்டுப் போய்விட்டார். காரணம் சொல்லவில்லை. நேற்று இரவு அந்தப் புண்ணைத் துடைத்த பிறகு அந்த வரி மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாளை மறுநாள் வேறொரு டாக்டரிடம் போகிறேன். இந்த முறை உள்ளே நிற்பேன்.

ஜூன் 5

போய் வந்தேன். முக்கால் மணி நேரம் பார்த்தார். பார்த்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன், இதே கேள்வியோடு வருபவர்களுக்கு உதவும்.

முதலில் எதையும் தொடாமல் அவளை நடக்கவிட்டு, நிற்கவிட்டுப் பார்த்தார். அப்புறம் வலது பாதத்தை மடக்கித் தரையில் வைத்தார். நல்ல கால் என்றால் உடனே நேராக்கிக்கொள்ளும். மடக்கியது மடக்கியபடியே இருந்தது. முழங்கையை அவளால் நீட்ட முடியவில்லை. அதுதான் முக்கியம் என்றார். முழங்கையை நீட்டி வைக்கும் தசையை இயக்குவது ரேடியல் நரம்பு. அது வேலை செய்யாவிட்டால் கால் எடையே தாங்காது, எலும்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சரி.

அப்புறம் இடுக்கியால் விரலை அழுத்தினார். முதலில் லேசாக, பிறகு எலும்பில் படுகிற அளவுக்கு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் கையை நக்கிக்கொண்டிருந்தாள். நான்கு விரல்களிலும் ஒன்றுமில்லை. இடது பாதத்தில் லேசாகத் தொட்டதுமே காலை இழுத்துக்கொண்டு முறைத்தாள். அவர் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்: கால் தானாகச் சுருங்குவதும் நாய்க்கு வலி தெரிவதும் ஒன்றல்ல. சுருங்குவது தண்டுவடத்தோடு முடிந்துபோகிற வேலை. தலையைத் திருப்பினாலோ, கத்தினாலோ, கடிக்க வந்தாலோதான் அது மூளை வரை போயிருக்கிறது என்று அர்த்தம். அவளிடம் இரண்டுமே இல்லை. முழங்கைக்கு மேலே கிள்ளியபோது திரும்பிப் பார்த்தாள். அதற்குக் கீழே எங்குமே இல்லை.

முதுகுத் தோலையும் இரண்டு பக்கமும் கிள்ளினார். இடது பக்கம் ஈ உட்கார்ந்தால் சிலிர்க்குமே, அப்படிச் சிலிர்த்தது. வலது பக்கம் அசையவில்லை. அந்தச் சிலிர்ப்புக்கான நரம்பும் முன்னங்காலுக்குப் போகும் நரம்புக் கூட்டத்திலிருந்துதான் கிளம்புகிறதாம். கழுத்தின் அடியிலும் மார்பின் தொடக்கத்திலும் தண்டுவடத்திலிருந்து வேர்வேராகக் கிளம்பி, அக்குளில் பின்னிக்கொண்டு, அப்புறம் காலுக்குள் இறங்குகிற கூட்டம் அது. வண்டி மோதும்போது கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் இழுபட்டால், எலும்புக்கு ஒன்றும் ஆகாமலே அந்த வேர்கள் பிய்ந்துவிடலாம்.

"பிய்ந்துவிட்டதா, நசுங்கியிருக்கிறதா?" என்று கேட்டேன். நசுங்கியதாக இருந்தால் சில வாரத்தில் உணர்ச்சி திரும்ப ஆரம்பிக்கும், தண்டுவடத்திலிருந்தே பிய்ந்திருந்தால் திரும்பாது என்றார். இன்றைய நிலையில் பிய்ந்ததற்கான அடையாளங்கள்தான் அதிகம், ஆனாலும் முதல் வாரத்திலேயே முடிவு கட்ட வேண்டாம் என்றார். புண் வராமல் பார்த்துக்கொண்டு இரண்டு மூன்று மாதம் வரை காத்திருக்கலாம். அதற்குள் அவள் பாதத்தைக் கடிக்க ஆரம்பித்தாலோ, புண் ஆழமாகப் போனாலோ காத்திருப்பதை நிறுத்திவிட வேண்டும். இதை ஒரு தாளில் எழுதியே கொடுத்தார்.

ஆக, "வலி இல்லை" என்று முதல் டாக்டர் சொன்னதை நான் தலைகீழாக எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது கெட்ட செய்தி. நான் அதை நல்ல செய்தியாகக் கேட்டுவிட்டேன்.

ஜூன் 6

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நரம்பு மறுபடி வளர்ந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளருமாம். அவள் அக்குளிலிருந்து விரல் நுனி வரை அளந்தால் 38 சென்டிமீட்டர். ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். ஆனால் முழங்கைத் தசை தோளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நரம்பு வருவதாக இருந்தால் முதலில் அங்கேதான் தெரிய வேண்டும். அதனால் பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, முழங்கையைப் பார்க்க வேண்டும். தினமும் காலையில் அவளை நிற்கவைத்துப் பார்க்கிறேன்.

ஜூன் 9

ஒரு திருத்தம். கண்ணில் ஏதாவது வித்தியாசம் உண்டா என்று ஒருவர் கேட்டபோது இல்லை என்று பதில் போட்டேன். இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் தெரியவில்லை. நேற்று விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்து அறை வெளிச்சத்தில் பார்த்தேன். இடது கண்ணின் பாவை நன்றாக விரிந்திருக்கிறது, வலது பாவை சின்னதாகவே நிற்கிறது. வலது இமையும் ஒரு நூல் இறங்கியிருக்கிறது. படம் எடுத்து இரண்டாவது டாக்டருக்கு அனுப்பினேன்.

அடிபட்டது காலில், கண் ஏன் சுருங்குகிறது? கண் பாவையை விரிக்கிற நரம்பு இழை நேராகத் தலையிலிருந்து வருவதில்லையாம். தண்டுவடத்தில் மார்பு வரை இறங்கி, முன்னங்கால் நரம்பு வேர்கள் கிளம்புகிற அதே இடத்தில் வெளியே வந்து, கழுத்து வழியாக மேலே ஏறிக் கண்ணுக்குப் போகிறது. அது அடிபட்டிருக்கிறது என்றால் சேதம் அக்குளில் இல்லை, தண்டுவடத்தை ஒட்டி இருக்கிறது. வேரோடு பிய்ந்ததற்கு இன்னொரு சாட்சி.

இதைப் படித்த பிறகு வெகுநேரம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 14

கட்டுப் போடுபவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

புண்ணை மூட பஞ்சு வைத்துக் கட்டினேன். அவிழ்ந்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் இறுக்கிவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் கட்டுக்குக் கீழே நடுவிரல்கள் இரண்டும் உப்பி, நகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றன. தொட்டால் சில்லென்று இருந்தது. பகீர் என்றது எனக்கு. உடனே வெட்டி எடுத்தேன். மாலைக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. உணர்ச்சி உள்ள காலாக இருந்தால் இரவே கத்தி ஊரைக் கூட்டியிருப்பாள். இவள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

வலி என்பது அவளுக்கும் எனக்கும் நடுவில் இருந்த மணி. அது அறுந்துவிட்டதால் அந்தக் காலுக்கு என்ன நடந்தாலும் என் கண்தான் பார்க்க வேண்டும். இப்போது கட்டின் அடியில் நடுவிரல் இரண்டும் தெரிகிற மாதிரி விட்டு, கட்டுக்குள் என் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பார்த்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்க்கிறேன். வெளியே போகும்போது மட்டும் தோல் உறை. உள்ளே வந்ததும் கழற்றிக் காற்றாட விடுகிறேன். ஈரம் நின்றால் விரலிடுக்கு வெந்துபோகிறது.

ஜூன் 20

செயற்கைக் கால் பற்றி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அந்த ஆசை வந்தது, கேட்டேன்.

அதைப் பொருத்த காலில் ஒரு பகுதி மிச்சம் இருக்க வேண்டும், அந்த மிச்சப் பகுதியை அவளே முன்னும் பின்னும் ஆட்டத் தெரிந்திருக்க வேண்டும், தோலில் உணர்ச்சியும் இருக்க வேண்டும். முழங்கையே நீளாதபோது செயற்கைக் காலை எது இயக்கும்? மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் போன நாய்க்கு அது வேறு கதை. அப்படி யோசனை இருந்தால் அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், எங்கே எடுப்பது என்பதே அதைப் பொறுத்து மாறும்.

மணிக்கட்டு மூட்டை அசையாமல் இறுக்கிவிட்டால் பாதம் மடியாது என்று ஒருவர் சொன்னார். அதுவும் உண்மைதான், முழங்கை வேலை செய்கிற, பாதத்தில் உணர்ச்சி இருக்கிற நாய்க்கு. எங்களுக்கு இரண்டும் இல்லை.

ஜூன் 23

வலது தோளைத் தடவினால் தோள்பட்டை எலும்பின் முகடு கத்தியின் பின்புறம் மாதிரிக் கையில் தட்டுகிறது. இடது பக்கம் சதைக்குள் புதைந்திருக்கிறது. நாலு வாரத்தில் இவ்வளவு. முழங்கையில் இன்றும் ஒன்றுமில்லை.

ஜூலை 1

இன்று கொஞ்சம் வேறு பேச்சு. அவளுக்குப் பெயர் வைத்துவிட்டேன். இத்தனை நாள் வைக்காமலே இருந்தேன். பெயர் வைத்தால் விடமுடியாது, வேறு நல்ல வீடு பார்த்துக் கொடுக்கும் வரை நாய் நாயாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். நிறம் செவலை, பெயரும் செவலை. கூப்பிட்ட இரண்டாவது நாளே திரும்புகிறாள்.

மாடிப்படி ஏறக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஏறுவது சுலபம், பின்னங்கால்கள் தள்ளிவிடும். இறங்குவதுதான் கஷ்டம். நாயின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. இறங்கும்போது அதற்கும் மேல். எல்லாம் அந்த ஒற்றை இடது காலில். அதனால் இறங்கும்போது நான் மார்புக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துப் பிடித்துக்கொள்கிறேன்.

அப்போதுதான் தோன்றியது, அவள் ஐந்து வாரமாக மூன்று காலில்தான் வாழ்கிறாள். மூன்று காலில் வாழ்வாளா என்று நான் யாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்?

ஜூலை 6

இன்று விடிகாலை நாலரை மணிக்கு ஒரு சத்தம் கேட்டு எழுந்தேன். நாய் எலும்பு கடிக்கிற சத்தம் தெரியுமல்லவா, அது. வீட்டில் எலும்பு எதுவும் இல்லை.

விளக்கைப் போட்டேன். வலது பாதத்தை வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருந்தாள். வெளி விரலின் நகம் இல்லை. அந்த விரலின் நுனிச் சதையும் இல்லை. அவள் முகத்தில் ஆத்திரமோ வேதனையோ இல்லை. அரிக்கிற இடத்தைக் கடிக்கிற நாயின் முகம். என்னைப் பார்த்ததும் வாலைத் தரையில் தட்டினாள். வாய் ஓரமெல்லாம் ரத்தம்.

பாதத்தைக் கடிக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி மாட்டும் கூம்பை இரவில் போட்டுவிடுவேன். நேற்று கழுத்து புண்ணாகியிருந்தது என்று ஒரே ஒரு இரவு கழற்றிவைத்தேன்.

டாக்டர் சொன்னது: நரம்பு பிய்ந்த காலில் தொட்டால் தெரியாதே தவிர, உள்ளே குறுகுறுப்பும் எரிச்சலும் கிளம்பலாம். நமக்கு மரத்துப்போன காலில் ஊசி குத்துகிற மாதிரி வருமே, அப்படி. நாய்க்கு அதைத் தீர்க்க வாய் ஒன்றுதான் வழி. கடித்தால் வலிக்காது என்பதால் எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது. ஆக, "வலி இல்லை" என்ற என் பேச்சு இன்னொரு முறையும் தப்பாகிவிட்டது. தொடுகிற வலி இல்லை. வேறு ஒன்று இருந்திருக்கிறது, அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று.

விரலை மறுபடி அழுத்திப் பார்த்தார். ஆறு வாரம் ஆகிறது, எந்த மாற்றமும் இல்லை. முழங்கையும் அப்படியே. ஜூன் 5 அன்று எழுதிக் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் எழுதியிருந்தது நடந்துவிட்டது.

எடுத்துவிடுவதாக முடிவு செய்துவிட்டேன்.

ஜூலை 7

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. முடிவெடுத்த பிறகுதான் சந்தேகங்கள் வரிசையாக வருகின்றன. கண்ணில் அறிகுறி தெரிந்த அன்றே எடுத்திருந்தால் இந்த விரல் போயிருக்காது என்று ஒரு பக்கம். இன்னும் ஒரு மாதம் கூம்போடு வைத்திருந்தால் முழங்கை அசைந்திருக்குமோ என்று இன்னொரு பக்கம். இரண்டையும் டாக்டரிடமே சொன்னேன். ஆறு வாரத்தில் ஒரு சின்ன அசைவாவது வந்திருந்தால் நானே காத்திருக்கச் சொல்லியிருப்பேன், வரவில்லை என்றார்.

அறுவைக்கு முன் பார்த்தவை: மற்ற மூன்று கால்கள், முக்கியமாக இடது முழங்கையும் தோளும் (இனி எல்லாம் அதன் தலையில்தான்), இடுப்பு மூட்டுகள், நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தம். ரத்தத்தில் தட்டணுக்களைத் தனியாகக் கவனித்தார். தெருவில் இருந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் இருந்தால் தட்டணுக்கள் குறைந்திருக்கும், அறுவையில் ரத்தம் நிற்காது. செவலைக்குச் சரியாக இருந்தது. இடுப்பும் நன்றாக இருக்கிறது. இங்கே ஏதாவது கோளாறு இருந்திருந்தால் முடிவை மறுபடி யோசிக்க வேண்டியிருந்திருக்கும்.

மனசு ஆறுவதற்காக ஒன்று படித்தேன். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், கால் எடுத்த 64 நாய்களின் உரிமையாளர்களைக் கேட்டிருக்கிறார்கள். மறுபடி அதே நிலை வந்தால் இதே முடிவைத்தான் எடுப்போம் என்று சொன்னவர்கள் 55 பேர். மாட்டோம் என்றவர்கள் 4 பேர். எதிர்பார்த்ததைவிட நாய் நன்றாகத் தேறியது என்றவர்கள் 50 பேர். எடை கூடிய நாய்கள் சிரமப்பட்டிருக்கின்றன, அதையும் குறித்துக்கொண்டேன். அந்த நாலு பேரைப் பற்றித்தான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 8

"முழங்கையோடு எடுத்தால் போதாதா, ஏன் தோள்பட்டை எலும்போடு?" என்று கேட்டவருக்கு. தோள்பட்டை எலும்போடு சேர்த்து எடுப்பதாகத்தான் டாக்டர் சொல்லியிருக்கிறார். நானும் இதையே கேட்டேன். கொஞ்சம் மிச்சம் வைத்தால் நாய் அதை ஊன்றப் பார்க்கும், நுனி தரையில் பட்டுப் பட்டுப் புண்ணாகும். தோள்பட்டையை விட்டுவைத்தால் சுற்றியுள்ள சதை வற்றி, அந்த எலும்பு முகடு துருத்திக்கொண்டு நிற்கும், படுக்கும்போது உறுத்தும். முழுதாக எடுத்தால் பக்கவாட்டில் ஒரு தையல் கோடுதான். பின்னங்காலுக்குத் தொடை நடுவில் எடுப்பார்கள், இல்லாவிட்டால் இடுப்பு மூட்டோடு எடுப்பார்கள்.

நரம்புகளை அறுக்கும் முன் ஒவ்வொன்றிலும் மரப்பு ஊசி போட்டுவிட்டுத்தான் அறுப்பார்களாம், இல்லாத காலில் பின்னால் வலி கிளம்பாமல் இருக்க. அறுவைக்குப் பிறகு வீக்கத்துக்கு ஒரு மருந்து, நரம்பு வலிக்குத் தனியாகக் கேபாபென்டின்.

ஜூலை 11

காலை எட்டு மணிக்கு உள்ளே போனாள். பதினொன்றரைக்கு முடிந்தது. எழுந்துவிட்டாள்.

ஜூலை 12

வீட்டுக்கு வந்தாயிற்று.

கூண்டைத் திறந்ததும் மூன்று காலில் நடந்து வந்தாள். அறுவை முடிந்து ஒரு முழு நாள்கூட ஆகவில்லை. நான்தான் பார்க்க முடியாமல் நின்றேன். வலது பக்கம் முழுக்க மழித்து, கழுத்தடியிலிருந்து மார்பு வரை ஒரு நீளத் தையல். உடம்பு அந்தப் பக்கம் திடீரென்று முடிந்துபோகிறது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவளாகவே வந்து, அந்தப் பக்கத்தை என் முழங்காலில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இரவு ஒரு மணிக்கு முனகல். மருந்து நேரம் தவறவில்லை. தையலைச் சுற்றித் தோல் துடிப்பதைப் பார்த்தேன். தசை இழுப்பு வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மென்மையாகக் கையை வைத்துக்கொண்டிருந்தேன், பத்து நிமிடத்தில் நின்றது. மனிதர்களின் வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். ராத்திரி முனகலைக் கேட்டால் கை தானாக நம் மருந்துப் பெட்டிக்குப் போகும், அதனால்தான் சொல்கிறேன்.

ஜூலை 15

தையலுக்குக் கீழே மார்பில் ஒரு பை மாதிரித் தொங்குகிறது, அடிவயிறு வரை கருநீலம். சீழ் என்று பயந்து ஓடினேன். சீழ் இல்லை. அவ்வளவு பெரிய இடத்தை மூடும்போது உள்ளே நீர் சேரும், ரத்தக்கட்டு மெல்லக் கீழே இறங்கும், இரண்டும் தானாக வடியும் என்றார். சூடானாலோ, சிவந்தாலோ, நாற்றம் வந்தாலோ வரச் சொன்னார். நாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா, சாப்பிடுகிறதா என்பதைப் பார்த்துக்கொண்டால் இந்தப் பையைக் கண்டு பயப்பட வேண்டாம்.

தரைதான் இப்போது பெரிய பிரச்சினை. வழுவழுப்பான தரையில் ஒற்றை முன்னங்கால் விலகினால் தாடை தரையில் அடிக்கிறது. வீடு முழுக்க ரப்பர் விரிப்பு போட்டுவிட்டேன். உள்ளங்கால் விரலிடுக்கு முடியையும் கத்தரித்தேன். தட்டைக் குனியாமல் தின்னும் உயரத்தில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 24

தையல் பிரித்தாயிற்று. 13 நாள். கூம்பும் போயிற்று. ஆறு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கட்டு, உறை, கூம்பு எதுவுமே இல்லாமல் தூங்குகிறாள். நானும் நான்கு மணி நேரக் கணக்கு இல்லாமல் தூங்கினேன்.

வலது கண் பாவை இன்னும் சின்னதாகவே இருக்கிறது. அது அப்படியே இருந்துவிடலாம். அவளுக்கு அதனால் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 10

இன்று ஒருவர் எழுதியிருக்கிறார்: அவர் மீட்ட நாய்க்குப் பின்னங்கால் முறிவு, தகடு வைத்த இடத்தில் சீழ். "நீங்கள் எடுத்தது சரியாகத்தானே போயிற்று, நானும் எடுத்துவிடுகிறேன்" என்கிறார்.

அவசரப்படாதீர்கள் ஐயா. உங்கள் நாய் பாதத்தைத் தொட்டால் காலை இழுக்கிறது, முறைக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வலி என்கிற அந்த மணி உங்களுக்கு அறுபடவில்லை. நரம்பு இருக்கிறது, தசை இருக்கிறது. சீழைச் சோதனைக்கு அனுப்பி எந்தக் கிருமி என்று பார்த்து மருந்து கொடுக்கலாம், தகட்டை எடுத்துவிட்டு வெளியிலிருந்து கம்பி வைத்து எலும்பைப் பிடிக்கலாம். இதெல்லாம் செய்து பார்த்தும் எலும்பு சேரவில்லை, வலி அடங்கவில்லை, ஒவ்வொரு மாதமும் மறுபடி மயக்க மருந்து என்று ஆனால் அப்போது எடுப்பதைப் பற்றிப் பேசலாம். என் நாய்க்கு எடுத்தது அந்தக் கால் அவளுக்கு வேலை செய்யவில்லை, இனியும் செய்யாது, அவளையே தின்ன வைக்கிறது என்பதற்காக. மூன்று காலில் நன்றாக ஓடுகிறாள் என்பதற்காக இல்லை. முதலில் விரலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த கேள்வி எல்லாம் அதற்கப்புறம்.

ஆகஸ்ட் 12

மேலே எழுதியதை மறுபடி படித்தேன், கொஞ்சம் கடுமையாக இருக்கிறது. அவரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் கட்டு மாற்றிக் கட்டு மாற்றி நாயும் ஆளும் ஓய்ந்துபோவதும் ஒரு காரணம்தான். காலைக் காப்பாற்றுவதிலேயே நாயின் நாட்கள் முழுக்கப் போய்விடக் கூடாது. அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லலாம்.

ஆகஸ்ட் 29

எடை 12 கிலோ 800. வேண்டுமென்றேதான் குறைத்தேன். காலே அரைக் கிலோவுக்கு மேல் இருந்திருக்கும், மீதி உணவைக் குறைத்தது. ஒற்றை முன்னங்காலுக்கு ஒவ்வொரு நூறு கிராமும் கணக்கு. கட்டிலிலிருந்து குதிக்க விடுவதில்லை, ஒரு சாய்பலகை வைத்திருக்கிறேன். இடது கால் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பின் நடுக்கோட்டுக்கு நகர்ந்து வந்து ஊன்றுகிறது. ஓடும்போது தலை ஒவ்வொரு எம்புக்கும் ஏறி இறங்குகிறது. சாதாரண மார்புப் பட்டை வலது பக்கம் பிடிமானம் இல்லாமல் கழன்றுவிடுகிறது. இரண்டு பட்டைகளைச் சேர்த்து வயிற்றுக்கும் ஒரு பிடி வைத்துத் தைத்துக்கொண்டேன்.

வேறு வீடு பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

செப்டம்பர் 14

இன்று தோட்டத்தில் மண் தோண்டினாள்.

முதலில் நின்றுகொண்டே இடது காலால் ஒரு பறி பறித்தாள். ஊன்ற வேறு கால் இல்லை, மூக்கு மண்ணில் போய் முட்டியது. தும்மினாள். பின்வாங்கி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போய்த் தூக்கலாமா என்று எழுந்தேன். அதற்குள் மார்பைத் தரையில் அழுத்திப் படுத்து, பின்பக்கத்தை உயரத் தூக்கிக்கொண்டு, படுத்த வாக்கில் ஒற்றைக் காலால் தோண்ட ஆரம்பித்தாள். மண் வலது பக்கமாகப் பறந்தது, முன்பெல்லாம் கால் தொங்கிக்கொண்டிருந்த வெற்றிடத்தின் வழியாக. கால் மணி நேரத்தில் என் முழங்கை வரை போகிற குழி. உள்ளே ஒன்றுமில்லை. மூக்கெல்லாம் மண்ணோடு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த குழியை ஒரு அடி தள்ளி ஆரம்பித்தாள்.